கிழக்கு மூலைப் பச்சை

எங்கள் குளத்தில் ஆண்கள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் தண்ணீர் மலடாகிவிடும், அப்புறம் டிஹே என்கிற பாசி விளையாது. இந்தக் கானெம் பாலைவனப் பக்கத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். என்றைக்கு இறங்கலாம் என்று சொல்கிற பொறுப்பு என்னுடையது. நான் சொன்ன காலையில் பெண்கள் வரிசையாக இறங்கி, மேலே மிதக்கும் அந்தக் கரும்பச்சைப் பாசியைச் சுரைக்குடுவையால் அள்ளி மணலில் ஊற்றிக் காயவைப்போம். குழம்பில் போட்டால் கம்பங்களி தொண்டையில் இறங்கும். புண்ணில் பூசுவோம். நோஞ்சான் பிள்ளைகளுக்கு அதைத்தான் ஊட்டுவோம்.

அப்படி ஒரு நோஞ்சான் எங்கள் குடும்பத்திலேயே கிடந்தாள். என் அண்ணன் மல்லூமின் மகள் ஃபன்னா. தாய் போனதிலிருந்து அவளுக்கு எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. கால் வீங்கி, முடி செம்பட்டையாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சத்துக்காகக் கொடுத்த கடலைப் பசை தீர்ந்துபோனது. லாரி வந்தால்தான் இனி என்று கைவிரித்துவிட்டார்கள்.

அண்ணன் தினமும் வந்து என் உயிரை எடுத்தான்.

"எப்பத்தான் இறங்கப் போறீங்க, யக்குரா?"

"காத்து திரும்பட்டும்ணே."

"அதுவரைக்கும் என் பிள்ள சாகட்டுமா?"

"வாயக் கழுவு. பொம்பளைங்க சமாச்சாரத்துல மூக்க நுழைக்காத. போயி உன் ஒட்டகத்தப் பாரு."

காரணம் இல்லாமலா காத்திருந்தேன்? இந்த வருஷம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியதில் கிழக்கு மூலையில் உப்பில்லாத தண்ணீர் தேங்கி, வேறொரு பச்சை படர்ந்திருந்தது. அதைக் குடித்த ஆடுகள் அங்கேயே விழுந்து செத்தன; ஆண்கள் வராத இடம் என்பதால் அவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. காற்று திரும்பி எங்கள் டிஹேயை மேற்குக் கரைக்கு ஒதுக்கட்டும் என்று பார்த்தேன். பெண்களிடம் இதை விளக்கமாகச் சொன்னேன். ஆம்பிளைக்கு இதெல்லாம் எதற்கு என்று அண்ணனிடம் சொல்லவில்லை.

காற்று திரும்பிய காலையில் குளத்துக்குப் போனோம். கிழக்கு மூலைச் சேற்றில் பெரிய பெரிய காலடிகள். "ஐயோ, ஆம்பள கால்! குளம் போச்சே!" என்று எங்களில் மூத்தவளான கல்தூமா மாரில் அடித்துக்கொண்டாள். எனக்கோ குளம் போனது பெரிதாகத் தெரியவில்லை. அந்த மூலையின் விஷப் பச்சையை அள்ளிப் போனது அண்ணனாகத்தான் இருக்கும். போட்டது போட்டபடி ஓடினேன்.

அண்ணன் அடுப்பருகே உட்கார்ந்திருந்தான். ஃபன்னா அவன் மடியில் பச்சை பச்சையாகக் கக்கிக்கொண்டிருந்தாள்.

"டிஹேதான் குடுத்தேன், ஏன் கக்குறா?"

"எங்கடா அள்ளின, பாவி?" மரியாதை எல்லாம் பறந்துவிட்டது.

"கிழக்கு மூலையில. அங்கதானே கெட்டியா கிடந்துச்சு!"

சட்டியை உதைத்துக் கவிழ்த்தேன். பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஊசி, குளுக்கோஸ் எல்லாம் ஏற்றி எப்படியோ காப்பாற்றினார்கள். "கக்கினதாலதான் பொழைச்சா. ஆனா உடம்புல சத்தே இல்ல. ஏதாவது உள்ள போகலேன்னா தாங்க மாட்டா" என்றாள் நர்ஸ். லாரி அப்போதும் வராததால் பிள்ளையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம்.

குளம் மலடாகிவிட்டது என்று மறுத்த பெண்களைக் கெஞ்சி, அதட்டி, மேற்குக் கரையில் இறங்க வைத்தேன். முதலில் அள்ளிய டிஹேயைக் குழம்பாக்கி எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் கிண்ணத்தைத் தள்ளிவிட்டான்.

"இனிமே பச்சையா எதுவும் இவ வாய்க்குள்ள போகாது."

"அது வேறண்ணே, இது வேற."

"எனக்கு எப்படித் தெரியும்? கால் வச்சா மலடாகும்னு சொன்னீங்க. அந்த மூலையில விஷம் இருக்குன்னு எவளாவது வாயத் திறந்தீங்களா?"

ஒரு கை அள்ளி அவன் எதிரிலேயே தின்று காட்டினேன்.

"நீ எருமை மாதிரி இருக்க, தாங்குவ. என் பிள்ள தாங்குவாளா?" அவன் குரல் உடைந்தது. "ரெண்டையும் என் கண்ணால பாக்கணும். எங்க விளையுது, எப்படி இருக்கு, எல்லாம் தெரியணும். அப்புறம் நானே ஊட்டுறேன்."

பாயில் கிடந்த ஃபன்னா கண் திறக்கவும் தெம்பில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, "எந்திரி, வா" என்றேன்.

மேற்குக் கரையில் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்கள். என் பின்னால் வருவது யார் என்று பார்த்ததும் அள்ளுவதை நிறுத்தினார்கள்.

"அவனக் கூட்டிட்டு இறங்கினா இந்தக் குளத்துல உனக்கு வேலையில்ல, யக்குரா. உன் பேச்ச இனி ஒருத்தியும் கேக்க மாட்டா" என்றாள் கல்தூமா.

அவள் சொன்னால் செய்வாள். ஆனாலும் அண்ணனின் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்தேன்.

"ஒரு சொட்டு நாக்குல வை. கரிக்குதா?"

"கரிக்குது."

"அந்த மூலையில கரிக்காது, பச்சையும் நாறும். இப்ப இதத் தேய்ச்சுப் பாரு. மோந்து பாரு."

அவன் இரண்டு கையாலும் டிஹேயை அள்ளி முகத்தருகே வைத்து முகர்ந்தான். அவன் தோள் குலுங்கியது. "இதுதானா?" என்றான்.

"இதுதாண்ணே. போயி ஊட்டு."

நான் நிமிர்ந்தபோது தண்ணீரில் எங்களைத் தவிர யாரும் இல்லை. பெண்கள் கரையேறி, பாதி நிரம்பிய குடுவைகளை மறுபடி குளத்திலேயே கொட்டிக்கொண்டிருந்தார்கள்.