ஒரு தடவைதான் திருப்பிக் கேட்கலாம்

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்க வைத்து, படித்தது புரிந்ததா என்று கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவது என் வேலை. பதில் தப்பானால் அதே கேள்வியை, ஒரு வார்த்தைகூட மாற்றாமல், ஒரே ஒரு தடவை திருப்பிக் கேட்கலாம். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கக் கூடாது.

அன்றைக்கு வந்த சிறுமி மளமளவென்று வாசித்தாள். கதையில், காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அம்மா, சாயங்காலம் வந்துவிடுவதாக மகளிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். இதை எழுதிய மகராசனுக்கு வேறு கதையே கிடைக்கவில்லை.

"அம்மா எப்ப வருவாங்க?"

"வரமாட்டாங்க மிஸ்."

கடைசி வரியைக் கவனிக்காமல் விட்டிருப்பாள் என்று நினைத்தேன்.

"அம்மா எப்ப வருவாங்க?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்றிருந்த வகுப்பு டீச்சர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அவளே கேட்டாள்.

"கதையில வர்ற அம்மாவா மிஸ்?"

தலையசைத்தேன்.

"அவங்க சாயங்காலம் வந்துடுவாங்க" என்றாள், எனக்குப் புரியும்படி நிதானமாக.