முப்பதாம் நாள் பாதுஷா

தனகோட்டிக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டியதும், ஷிப்ட் முடிந்து தினமும் தின்கிற பாதுஷாவை டாக்டர் நிறுத்தச் சொன்னார். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டோடு இருபத்தாறு வருஷம் மல்லுக்கட்டியவருக்கு ஒரு பாதுஷா பெரிய காரியமாகத் தெரியவில்லை. முதல் வாரம் சுலபமாகத்தான் போனது. மூன்றாவது வாரத்தில், மனைவி மலர்விழி கிண்டிய உப்புமாவில்கூடப் பாகு வாசனை அடித்தது.

மகள் எழில்மதி சென்னையில் எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறவள். விடுமுறைக்குக் குவார்ட்டர்ஸ் வந்திருந்தவளிடம், நாளாக நாளாக ஆசை குறையத்தானே வேண்டும், தனக்கு மட்டும் ஏன் ஏறுகிறது என்று கேட்டார்.

எலிக்கும் அப்படித்தான் என்றாள் அவள். விளக்கு எரியும்போது ஒரு நெம்புகோலை அமுக்கினால் சர்க்கரைத் தண்ணீர் வரும் என்று எலியைப் பழக்குவார்களாம். பிறகு ஒரு மாதம் சர்க்கரையைக் கண்ணிலேயே காட்டாமல் வைத்திருந்து, மறுபடி அதே விளக்கைப் போட்டால், நிறுத்திய மறுநாளைவிட வேகமாக அமுக்குமாம். ஒரு சொட்டு வராவிட்டாலும் விடாதாம். கொக்கேய்னுக்குப் பழகிய எலிகளும் இதையேதான் செய்கின்றன என்றாள்.

தனகோட்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு பீடிகூடப் பிடித்தறியாதவர் அவர்.

"பெத்த அப்பனைக் கொண்டுபோய் போதைக்காரனோட சேத்துட்டியேம்மா."

"ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லலைப்பா. ஆசை கிளம்பி வர்ற வழி கொஞ்சம் ஒண்ணா இருக்கு, அவ்வளவுதான். உங்களுக்கு எது அந்த விளக்குன்னு பாருங்க."

சொல்லிவிட்டு அவள் சென்னைக்குப் போய்விட்டாள்.

முப்பதாம் நாள் மத்தியானம், கம்பெனி பஸ் மார்க்கெட் முனையில் நின்று, கதவு புஸ்ஸென்று திறந்தது. அடுத்து அவர் சுதாரித்தபோது, தினமும் பாதுஷா வாங்கித் தின்ற கலியன் மிட்டாய்க் கடை வாசலில் இருந்தார். ஷட்டர் இறக்கியிருந்தது. மகள் கல்யாணம், நாலு நாள் விடுமுறை என்று அட்டை தொங்கியது. படித்தார். இன்னொரு தடவை படித்தார். ஷட்டரைத் தட்டியும் பார்த்தார். பத்து நிமிஷம் போல அங்கேயே நின்றார்.

பின்னால் யாரோ இருமினார்கள். அதே ஷிப்ட் ராஜேந்திரன். அவருக்கும் சர்க்கரை.

"பூட்டியிருக்குன்னு தெரிஞ்சும் ஏன் நின்னுகினு இருக்கீங்க?" என்று கேட்டார் தனகோட்டி.

"நீங்க கிளம்புறதுக்காகத்தான். கிளம்பினா நானும் ஒரு தட்டு தட்டிப் பாக்கலாம்னு இருந்தேன்."

தனகோட்டிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வெயிலில் நின்றபடியே எலிக் கதை முழுவதையும் அவருக்குச் சொன்னார். ராஜேந்திரன் கோபித்துக்கொள்ளவில்லை; அந்த எலி தப்பிக்க வழி உண்டா என்று கவலையோடு விசாரித்தார். அங்கிருந்தே எழில்மதிக்குப் போன் போட்டு, பஸ் கதவு திறந்ததிலிருந்து நடந்ததைச் சொன்னார்கள்.

"எலியால கூண்டை மாத்த முடியாதுப்பா. நீங்க ஸ்டாப்பை மாத்திக்கலாமே" என்றாள்.

மறுநாளிலிருந்து இருவரும் ஒரு ஸ்டாப் முன்னதாகவே இறங்கி நடந்தார்கள். முதல் சில நாள் கால் தானாக மார்க்கெட் பக்கம் திரும்பியது. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். மூன்றாம் மாதப் பரிசோதனையில் தனகோட்டிக்குச் சர்க்கரை நூற்றெண்பது.

புது வழியில் மாரியம்மாள் என்றொருவர் வேர்க்கடலை அவித்து விற்கிறார். இறங்கும்போதே இரண்டு மூக்கும் அந்தப் பக்கம் திரும்புவதை மட்டும் எழில்மதிக்கு இன்னும் அவர்கள் சொல்லவில்லை.