வாய் மூடாத கட்டை

பட்டறையில் அவளைக் குறடு என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் எப்போதும் அது இருந்ததால் வந்த பெயர். வாயால் வந்த பெயர் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் அந்த வாய் அடங்கி வெகுநாளாகிவிட்டது.

சைக்கிளுக்குப் பிரேக் கட்டை செய்கிற வேலை. தகரக் கூட்டின் ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை திறந்திருக்கும். ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் தொட்டுத் திறந்த பக்கமாக உள்ளே தள்ளி, அந்த முனையின் உதடுகளைக் குறட்டால் மடித்துவிட வேண்டும். எவனாவது கட்டையை முன்பின்னாகப் பூட்டித் தொலைத்தாலும் ரப்பர் நழுவாமல் காப்பது அந்த மடிப்புதான்.

முன்பெல்லாம் ரப்பரைத் தள்ளுவது நாத்தனார், மடிப்பது இவள். எதிரெதிர் முக்காலியில் உட்கார்ந்து நாள் முழுக்க எலியும் பூனையுமாகச் சண்டை. நாத்தனார் மகனோடு வெளியூர் போய்விட்டாள். இவள் புருஷன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். இப்போது தள்ளுவதும் இவள், மடிப்பதும் இவள். மகள் போன் செய்வாள். "சாப்பிட்டியாம்மா?" என்பாள். இவள் "ம்" என்பதற்குள், "சரி, வைக்கிறேன்" என்பாள். பழைய சண்டைக்குக்கூட இவள் மனசு ஏங்கியது.

ஒருநாள் கைமறதியாக ஒரு கட்டையை மடிக்காமல் விட்டாள். பெட்டிகளைச் சோதிக்கிற செக்கர் அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கண்ணு எங்க இருந்துச்சு உனக்கு?" என்று காய்ச்சி எடுத்தார். அப்படியே எதிர் முக்காலியில் உட்கார்ந்து, முட்டிவலியைப் பற்றிப் புலம்பி, டீ குடித்துவிட்டுத்தான் போனார். அன்று அவள் வீட்டுக்குப் போனபோது வீடு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

அப்புறம் தினமும் ஒரு கட்டை 'மறந்து' போனது. அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்ற தைரியம்.

அவர் காய்ச்சலில் படுத்த நாளில் அது அவளுக்குத் தெரியாது. வழக்கம்போல ஒன்றை விட்டுவைத்துவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை. சாயங்காலம் லாரி உறுமியபோதுதான் விசாரித்தாள். செக்கர் இடத்தில் முதலாளியின் மச்சான் உட்கார்ந்து, பெட்டியைத் திறக்காமலே முத்திரை குத்தியிருந்தான்.

அவள் குறட்டோடு எழுந்தாள். ஓடிப்போய் லாரிக்கு முன்னால் நின்றாள்.

"ஏம்மா, சாகறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்றார் டிரைவர்.

"என் பெட்டிய எறக்குங்க. ஒரு கட்டைக்கு வாய் மூடல. எவனாவது மாத்திப் பூட்டி, எந்தப் புள்ளையாவது எறக்கத்துல பிரேக் புடிச்சா ரப்பர் கழண்டு ஓடிடும்!"

முதலாளி வந்தார். "எப்படிம்மா அவ்வளவு உறுதியா சொல்ற?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "வேணும்னேதான் விட்டேன்" என்றாள். எல்லோருக்கும் முன்னால் பெட்டியைப் பிரித்து, அந்தக் கட்டையைத் தேடி எடுத்து, அங்கேயே மடித்தாள். முதலாளி காரணம் கேட்டார். அவள் பெட்டியை மூடினாள். இன்னொரு தடவை நடந்தால் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார் அவர்.

காய்ச்சல் விட்டு வந்த செக்கர் அண்ணன் நேராக அவளிடம்தான் வந்தார். கையில் கட்டை எதுவும் இல்லை.

"தெனமும் வேணும்னேதான் விட்டியா?"

அவள் ரப்பரைத் தள்ளிக்கொண்டே தலையாட்டினாள்.

"எதுக்கு இந்தக் கூத்து? ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேனா?"

"என்னன்னு சொல்லிக் கூப்பிடறது, அண்ணே?"

அவர் முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். திட்டுவதற்கு எதுவும் இல்லாததால் என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"சாப்பிட்டியா?" என்றார் கடைசியில்.

"ம்" என்றாள். சொல்லிவிட்டு, அவர் கிளம்புவதற்காகக் காத்திருந்தாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. "என்ன சாப்பிட்ட?" என்று கேட்டார்.