மாப்பிள்ளை மாற்றிய கம்ப்யூட்டர்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதிலும் நிலை கிடையாது. கையில் இருக்கிற பொருளில் ஒரு சின்ன மாற்றம் வந்தால் போதும், திட்டித் தீர்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுகிறார்கள். தாவுகிறவன் பேசாமல் தாவுகிறானா? அதுவும் இல்லை. தெரிந்தவன், தெரியாதவன் எல்லாரையும் கையைப் பிடித்து இழுக்கிறான். போதாததற்கு, எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தே பேசுகிறார்கள். காது மந்தமானவனுக்கு அடுத்தவன் உதடுதான் பாதிக் காது. அதையும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டால் நான் எதைப் பார்த்துப் புரிந்துகொள்வது?

காது மெஷின் கடையில் அன்று முற்பகல் எனக்கு வந்த ஆத்திரம் இது. பக்கத்தில் என் வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். சட்டைப் பையில் விசில் இருந்தது.

மரக் கிடங்கு வாசலில் லாரிகளைப் பின்னால் எடுக்க வழி காட்டி விசில் ஊதுவது என் வேலை. போன வாரம் சுமை இறக்குகிறவன் ஒருவன் லாரிக்கும் மர அடுக்குக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு கத்தியிருக்கிறான். அவன் நின்றது என் வலது பக்கம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் பாட்டுக்கு ‘வா, வா’ என்று ஊதிக்கொண்டிருந்தேன். வேறு யாரோ ஓடிப்போய் டிரைவர் கதவில் அடித்து நிறுத்தினார்கள். அவன் அங்கே போய் நின்றது அவன் தப்பு, அதை இப்போதும் சொல்வேன். ஆனால் சூப்பர்வைசர் கேட்கவில்லை.

“பெரியவரே, காதைச் சரி பண்ணிட்டு வாங்க. இல்லைன்னா விசிலைக் குடுத்துட்டு வீட்டுல இருங்க. ஒரு உயிர் போச்சுன்னா நான் பதில் சொல்ல முடியாது.”

அவர் கொடுத்த கெடு அன்று மதிய ஷிப்ட் வரை.

இடது காதில் பழைய மெஷின் வேலை செய்தது. வலதுக்குப் புதுசு வந்திருந்தது. வந்ததும் மாட்டிக்கொண்டு போக முடியாதாம். காதைச் சோதித்த கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறது, அதை ஒயர் வழியாக மெஷினுக்குள் ஏற்ற வேண்டும், அதுவரை அது வெறும் பிளாஸ்டிக் என்று கடைக்காரப் பெண் சொன்னாள். ஒயரை மாட்டி என் காதில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என்னங்க, என் புரோகிராம் எங்க?”

உள்ளறையிலிருந்து அவள் புருஷன் வந்தான். பெண்டாட்டியின் கடையில் உட்கார்ந்திருப்பதால் நான் அவனுக்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. முகம் முழுக்கச் சிரிப்பு.

“காலையிலதான் மாத்தினேன். எப்படி இருக்கு?”

“எதை மாத்தினீங்க?”

“மொத்த சிஸ்டத்தையும். போன அப்டேட்ல கம்பெனிக்காரன் மெனுவைத் தூக்கி நடுவுல வச்சுட்டான், படமெல்லாம் ஒரே சாம்பல் கலர், எது எதுன்னே தெரியலை. நீதானே தினமும் திட்டுவே?”

“திட்டினேன். தூக்கிப் போடுங்கன்னு சொன்னேனா?”

“மேல ஆடிட்டர் ஆபீஸ், பக்கத்து ஜெராக்ஸ் கடை எல்லாத்துக்கும் நான்தான் மாத்திக் குடுத்தேன். இது இலவசம். பாக்குறதுக்கு நம்ம பழசு மாதிரியே இருக்கும் பாரு!”

எனக்குப் பாதிதான் விளங்கியது. வீட்டுக்காரி பக்கம் சாய்ந்தேன். “என்னடி சொல்றான்?”

“கம்ப்யூட்டர்ல பொத்தானை இடம் மாத்திட்டாங்களாம். அந்தக் கோவத்துல வேற சிஸ்டத்துக்கே மாறிட்டாராம்.”

“வாசக்கதவை நகர்த்தினதுக்கு வீட்டையே காலி பண்ணுவானா?”

“நீங்க மட்டும் என்ன? நாற்காலியைத் திருப்பிப் போட்டாருன்னு, அத்தனை வருஷமா முடி வெட்டுனவரை விட்டுட்டு வேற கடைக்குப் போகலையா?”

“அது வேற.”

“என்ன வேற?”

“அவன் என்னைக் கேக்காமத் திருப்பினான்.”

மாப்பிள்ளை கையைத் தட்டினான். “அப்படிச் சொல்லுங்க பெரியவரே! இந்தக் கம்பெனிக்காரனுங்களும் எங்களைக் கேக்கலையே!”

அவன் என்னைத் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

விஷயம் அப்புறம்தான் வெளியே வந்தது. காது மெஷின் புரோகிராம் இந்தப் புது சிஸ்டத்தில் ஓடாது. என் காதின் கணக்கு பத்திரமாக இருக்கிறது, எடுத்து ஏற்றத்தான் வழியில்லை. அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயா மதியம் வேலைக்குப் போகணும். வேலையே போயிடும்னு சொல்றாங்க. என்ன செய்யப் போறீங்க?”

அவன் சிரிப்பு அப்போதுதான் இறங்கியது. “இரு, இரு. புதுசுக்குள்ளயே ஒரு பெட்டி மாதிரி வச்சு, அதுக்குள்ள பழசை ஓட்டலாம்.”

திரையில் ஒரு பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. நகர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும், நான் பார்க்கும்போது அது நின்றுகொண்டேதான் இருந்தது. சுவரில் கடிகாரம் அதைவிட வேகமாகப் போனது. பையில் கையை விட்டு விசிலைத் தொட்டேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

திடீரென்று வீட்டுக்காரி என் தோளைத் தட்டினாள். வலது பக்கம் கதவருகில் ஜெராக்ஸ் கடைக்காரன் நின்று கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தான். எப்போது வந்தான், எவ்வளவு நேரமாகக் கத்துகிறான், எனக்குத் தெரியாது.

“இவர் மாத்திவிட்டதுலேருந்து அங்க பிரிண்டர் ஓடலையாம்,” என்றாள்.

அவன் பிரிண்டர் எக்கேடும் கெடட்டும். ஆள் ஒருத்தன் கைக்கு எட்டும் தூரத்தில் கத்துகிறான், எனக்குத் தெரியவில்லை. போன வாரமும் இப்படித்தானே?

கடைசியில் பெட்டி திறந்தது. உள்ளே அதே நடு மெனு, அதே சாம்பல் படங்கள். காலையில் விரட்டினவனை மதியத்துக்குள் பின்வாசல் வழியாகக் கூட்டி வந்துவிட்டான். குத்திக்காட்டுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். காரியம் ஆகட்டும்.

“மெஷின் திரையில தெரியலைங்க,” என்றாள் பெண். மாப்பிள்ளை ஒயரைப் பிடுங்கிச் செருகினான். தெரிந்தது. ஏற்றத் தொடங்கினாள். பாதியில் திரை அப்படியே உறைந்தது. சட்டென்று என் காதிலிருந்து மெஷினை எடுத்துவிட்டாள்.

“ஐயா, காதுல வேண்டாம். பாதியில நின்னா என்ன சத்தம் போடும்னு சொல்ல முடியாது.”

“அப்போ இதுவும் போச்சா?” என்றேன்.

மாப்பிள்ளை எல்லாவற்றையும் அணைத்து மறுபடி தொடங்கினான். இந்தத் தடவை கோடு கடைசி வரை போனது. அவள் மெஷினைத் தன் காதருகில் வைத்துப் பார்த்தாள், பிறகு என் காதில் வைத்தாள்.

நாற்காலி கிறீச்சிட்டது. நான் எச்சில் விழுங்கியது எனக்கே கேட்டது.

“திரும்பி உக்காருங்க ஐயா. நான் சொல்றதைச் சொல்லுங்க.”

முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கதவு என்றாள், கதவு என்றேன். செருப்பு என்றாள், செருப்பு என்றேன். அப்போது கதவுப் பக்கம் எழுந்து போயிருந்த வீட்டுக்காரியின் குரல், முணுமுணுப்பாக: “இவரு என்ன பண்ணாலும் நம்ப மாட்டாரு.”

“ஆமா, நம்ப மாட்டேன்,” என்றேன் திரும்பாமலே.

வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். மாப்பிள்ளைக்கும் உயிர் வந்தது. நான் இடது மெஷினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “இப்போ மறுபடி சொல்லும்மா,” என்றேன். எந்தக் காது கேட்டது என்று எனக்குத் தெரிய வேண்டாமா? சொன்னாள். கேட்டது.

“இன்னிக்குக் கேக்குது. நாளைக்கு இவர் வேற எதையாவது மாத்தினா?” என்று கடைக்காரப் பெண்ணைக் கேட்டேன்.

“இனிமே உங்க காதுக் கணக்கு மெஷினுக்குள்ளயே இருக்கும் ஐயா. கம்ப்யூட்டரை உடைச்சே போட்டாலும் உங்க காது கேக்கும்.”

“பழசு மாதிரியே இருக்கும்னுதான் அவரும் சொன்னாரு.”

எனக்கு நின்று கேட்க நேரமில்லை. வாசல் தாண்டும்போது, “உங்க வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கா பெரியவரே? மாத்தித் தரேன்,” என்றான் மாப்பிள்ளை. அவனைத் திருத்த முடியாது.

தெருவில் இறங்கினோம். இரைச்சல் அத்தனையும் ஒன்றாக வந்து விழுந்தது. புதுக் காதைச் சோதிக்க வலது பக்கம் காலியாக இருக்கட்டும் என்று வீட்டுக்காரியை இடது பக்கம் வரச் சொன்னேன். கிடங்குத் திருப்பத்தில், வலது பக்கம் எங்கேயோ ஒரு வண்டி பின்னால் எடுக்கும் பீப், பீப் சத்தம். நின்றேன். கழுத்தை முழுக்கத் திருப்பிப் பார்த்தேன். வண்டி இருந்தது.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“அப்புறம் ஏன் திரும்பிப் பாக்குறீங்க?”

“கேட்டது சரிதானான்னு பாக்க வேண்டாமா?”

விசிலை வாயில் வைத்துக்கொண்டு நடந்தேன்.