மறுதாம்புச் சோளம்

இரண்டு பசுக்கள் கட்டின இடத்திலேயே செத்துக் கிடந்தன. மூன்றாவது சினைக்கிடேரி. முன்னங்கால்களை மடக்கி, முகவாயை மண்ணில் ஊன்றி, வாயில் நுரை தள்ள மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. அரைமணி நேரத்துக்கு முன்புவரை மூன்றும் நன்றாகத் தின்றுகொண்டிருந்தவைதான். அவள் கிடேரியின் கழுத்தைத் தாங்கிப் பிடித்தபடி கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். வெளியே அவள் புருஷன், ஊருக்கெல்லாம் பெரியவர், போனைக் காதில் வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

"விஷம் வச்சுட்டான் சார். வேற யாரு, கூடப் பொறந்தவன்தான்."

கிணற்றுத் தண்ணீரில் ஆரம்பித்த மனக்கசப்பு. இரண்டு வருஷமாக அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் பேச்சே கிடையாது. போன வாரம் தம்பி, ஊருக்குச் சின்னவர், வரப்பில் நின்றுகொண்டு, 'நீ மாடு வளர்த்துப் பொழைக்கிறதைப் பார்க்கத்தானே போறேன்' என்று கத்தியிருந்தார். ஆத்திரத்தில் வாய்க்கு வந்த பேச்சு. இன்றைக்கு அதற்குக் கைகால் முளைத்துவிட்டது.

மாட்டு டாக்டர் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடக்கூட நேரமில்லாமல் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். சின்னப் பெண்தான், ஆனால் கையில் பதற்றம் இல்லை. கிடேரியின் கழுத்தில் ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வழக்கமான கருஞ்சிவப்பு இல்லை, குங்குமம் கரைத்த மாதிரி செக்கச்செவேலென்று இருந்தது.

"காலையில தீனி என்ன போட்டீங்க?"

"எப்பவும் போடற வைக்கோல்தான்," என்றார் பெரியவர்.

டாக்டர் செத்த பசுவின் கடைவாயில் விரலை விட்டு மென்றதும் மெல்லாததுமான பச்சை இலையை இழுத்தாள். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பெரியவரின் மனைவியைப் பார்த்தாள்.

விஷம் என்று புருஷன் சொன்ன நிமிஷத்தில் தனக்கு வந்த நிம்மதி அவளுக்கு ஞாபகம் வந்தது. தன்னால் இல்லை என்ற நிம்மதி. கிடேரியின் கழுத்தை விடாமலே டாக்டரிடம் சொன்னாள்.

"சோளம் அறுத்த கட்டையிலேருந்து திரும்பத் துளிர்த்து வந்துச்சும்மா, அந்த மறுதாம்பு. வைக்கோல் தீர்ந்துபோச்சு. முழங்கால் உயரத்துக்கு நல்லாப் பச்சையா இருந்துச்சேன்னு நான்தான் ஒரு கட்டு அறுத்துப் போட்டேன்."

டாக்டர் அதற்குள் பெரிய ஊசியில் மருந்தை ஏற்றிக் கிடேரியின் ரத்த நாளத்தில் மெல்லச் செலுத்திக்கொண்டிருந்தாள். பேச்சும் அதே நிதானத்தில் வந்தது. "மழையில்லாம வாடினா இளஞ்சோளம் இலையில விஷத்தைச் சேர்த்து வச்சுக்கும். அதுக்கு ஓடத் தெரியாது, முட்டத் தெரியாது. தன்னை யாரும் மேயாம இருக்க அதுக்குத் தெரிஞ்ச வழி அது ஒண்ணுதான். தின்ன கொஞ்ச நேரத்துல மாடு விழுந்துடும்."

"எங்கப்பா காலத்துலேருந்து சோளத்தட்டை தின்னுதான் மாடு வளருது," என்றார் பெரியவர்.

"முத்தின தட்டை ஒண்ணும் பண்ணாதுங்க. இது பிஞ்சு, அதுலயும் காய்ஞ்ச பிஞ்சு."

பெரியவர் மனைவியைத் தனியே கூப்பிட்டார். "ஸ்டேஷன்லேருந்து வந்துகிட்டிருக்காங்க. நீ சோளம் போட்டதை யார்கிட்டயும் சொல்லாதே. வாயைத் திறக்காம இரு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த முகம். இந்த மனுஷனுக்கு மாடு எப்படிச் செத்தது என்பது வேண்டியதில்லை, யாரால் செத்தது என்பது முடிவாகிவிட்டது. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. வேறொன்று சுருக்கென்று தைத்தது. தம்பி வயலிலும் அதே வாரம்தான் அறுப்பு. அதே ஒரு தூறல், அதே வெயில். காலையில் அவள் கட்டைத் தூக்கிக்கொண்டு வரும்போது வரப்புக்கு அந்தப் பக்கம் ஓரகத்தியும் அரிவாளோடுதான் குனிந்திருந்தாள்.

"எங்கே கிளம்பிட்டே?" என்றார் புருஷன். அவள் அதற்குள் வேலியைத் தாண்டியிருந்தாள்.

தம்பி வீட்டு வாசலில் சின்னவர் வழிமறித்து நின்றார். "என்ன அண்ணி, போலீஸைக் கூப்பிட்டாச்சாமே. இன்னும் என்ன பாக்கி?"

அவள் அவரைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். நான்கு மாடுகள். அப்போதுதான் பச்சையை உதறிப் போட்டுவிட்டு ஓரகத்தி நிமிர்ந்துகொண்டிருந்தாள். முதல் மாடு வாயை வைத்துவிட்டது. உள்ளே புகுந்தவள் தொட்டியிலிருந்து இலைகளை வாரி வாரி வெளியே எறிந்தாள்.

ஓரகத்தி ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தாள். "எங்க மாட்டு வாயிலேருந்தே பிடுங்கறீங்களாக்கா?"

"விடுடி. ரெண்டு மாட்டை நான்தான் கொன்னேன். இதே சோளத்தை இந்தக் கையாலதான் அறுத்துப் போட்டேன். உன் புருஷன் ஒண்ணும் வைக்கலை. டாக்டர் அங்கேதான் இருக்காங்க, வேணும்னா கேட்டுக்கோ. அப்புறமா என்னைத் திட்டிக்கோ, முதல்ல அது வாயில இருக்கறதை எடு."

ஓரகத்தியின் பிடி தளர்ந்தது. மாட்டின் தாடையை அமுக்கி முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவ ஆரம்பித்தாள். சின்னவர் வாசற்காலைப் பிடித்தபடி அண்ணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சந்து முனையில் போலீஸ் ஜீப் சத்தம் கேட்டது. வரப்பின் மேல் பெரியவர் நின்று, வந்தவர்களுக்குத் தம்பி வீட்டைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். கிடேரி எழுந்ததா இல்லையா என்று அங்கிருந்து தெரியவில்லை.

அவள் தரையில் சிதறிக் கிடந்த சோளத்தை ஒன்றுவிடாமல் கூட்டி மார்போடு அணைத்துத் தூக்கினாள். இலைகளின் சுணை கழுத்தில் அரித்தது. வெளியே வந்து சந்தின் நட்டநடுவில் நின்றாள். ஜீப் ஹாரன் அடித்தது. அவள் ஒதுங்கவில்லை.