ஆற்றுக்கு ஒரு பக்கம்

தையல்காரியின் அளவு நோட்டில் ஆற்றுக்கும் ஒரு பக்கம் உண்டு. தோள், கை, இடுப்பு என்று ஊரார் உடம்பெல்லாம் எழுதிவைத்திருக்கும் நோட்டின் கடைசித் தாளில் 'ஆறு' என்று தலைப்பு. சமையலறைச் சுவரிலிருந்து கரையின் விளிம்பு வரைக்கும் மாதம் ஒரு தடவை அளந்து எழுதுவாள். முதல் வரியில் முப்பத்திரண்டு அடி. அதற்குப் பிறகு எல்லாம் இறங்குமுகம்தான். அவளிடம் இருந்தது ஐந்தடி டேப். அதைத் தரையில் வைத்து அளக்கும்போதும் இரண்டு விரல் தானாக டேப்புக்கு அடியில் போய் நுழைந்துகொள்ளும். இறுக்கி அளக்கக் கூடாது, மூச்சு விட இடம் வேண்டும் என்பது இருபது வருடத் தொழில் பழக்கம். அதனால் நோட்டில் இருந்த கரை நிஜக் கரையைவிட எப்போதும் கொஞ்சம் பெருத்தே இருந்தது.

அப்பா போன பிறகு பாகம் பிரித்தபோது மேட்டுக்கரையும் வீடும் அவளுக்கு வந்தன. எதிர்க்கரைப் பள்ளம் தம்பிக்கு. "நல்லதா பாத்து அள்ளிக்கிட்டாங்க" என்று தம்பி பெண்டாட்டி முணுமுணுத்தது இவள் காதிலும் விழுந்தது. ஆனால் ஆறு அந்த இடத்தில்தான் வளைந்து திரும்புகிறது. இவள் பக்கம் தண்ணீர் வேகமாக வந்து மோதும், அடியில் குடையும். மேலே புல்லும் துணி காயப்போடும் கம்பமும் ஒன்றும் தெரியாததுபோல நிற்கும். ஒருநாள் எல்லாம் சேர்ந்து பொத்தென்று விழும். தம்பி பக்கமோ தண்ணீர் சோம்பேறியாக நடந்து, சுமந்து வந்த மணலை இறக்கிவைத்துவிட்டுப் போகும். இவளுக்குத் தேயத் தேய அவனுக்கு வளர்ந்தது. கம்பம் விழுந்த அன்று பாலத்தில் வைத்து அவனைப் பிடித்துக்கொண்டாள். "என் மண்ணத் தின்னுதான்டா நீ வளர்ற!" அதோடு இரண்டு வருடம் பேச்சில்லை.

இந்த மழைக்கு ஆறு பெருகி வடிந்த மறுநாள் காலை, தம்பி வந்தான். கையில் ஒரு கண்ணாடி பாட்டில், பாதி தண்ணீர், அதில் ஒரு பிடி வெள்ளை மணல். வா என்று அவள் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. கொல்லைப் பக்கம் போய், புதிதாக இடிந்த இடத்தில் சிவப்பு மண்ணைக் கிள்ளிப் பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கினான். தையல் மெஷின்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

மணல் உடனே அடியில் போய் உட்கார்ந்தது. சிவப்பு அசையவில்லை. அவள் ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்து முடித்த பிறகும் தண்ணீர் அப்படியே கலங்கித்தான் இருந்தது.

"என் பக்கம் நிக்கிறது மேலேருந்து வர்ற மணல்க்கா. உன் மண்ணு மாவு மாதிரி. பாட்டில்லயே உக்கார மாட்டேங்குது, ஆத்துல எங்க உக்காரும்? நேரா கடலுக்குப் போயிரும்."

"ஒரு பிடி கூட உனக்கு வரலயா?"

"தோண்டித் தோண்டிப் பாத்துட்டேன். செவப்பே இல்ல."

இரண்டு வருடமாக அவனைத் திட்டிக்கொண்டே இருந்ததில், மண் எங்கேயும் போய்விடவில்லை, எதிர்க்கரையில் பத்திரமாக இருக்கிறது என்றொரு நிம்மதியும் அவளுக்குள் இருந்திருக்கிறது. அது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அழுகை வந்துவிட்டது. "உன்கிட்டயாவது வந்திருக்கக் கூடாதாடா" என்றாள்.

அவன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆடி மாசம் முடிஞ்சதும் மெஷின எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துரு அக்கா. முன் ரூம் சும்மாத்தான் கிடக்கு. உன் தம்பி பெண்டாட்டிதான் கூட்டிட்டு வரச் சொன்னா."

"யாரு, அவளா?" என்று கண்ணைத் துடைத்தாள். எழுந்து நோட்டை எடுத்தாள். போன மாதக் கணக்கில் ஒன்பது அடி. கழுத்தில் கிடந்த டேப்பின் ஒரு முனையை அவனிடம் கொடுத்தாள்.

"ரொம்ப ஓரம் போகாத. அடியில ஒண்ணும் இருக்காது."

அவன் குப்புறப் படுத்து, கையை மட்டும் விளிம்புக்கு நீட்டினான். முதல் தடவையாக ஒரே டேப்பில் முடிந்தது. மறுமுனையைச் சுவரில் வைத்து அழுத்தியபோது அவளுடைய இரண்டு விரலும் பழக்கத்தில் உள்ளே நுழைந்தன. வெளியே எடுத்தாள்.

"இழுத்துப் பிடிடா" என்றாள். "லூஸ் விடாத."

டேப் விறைத்து நின்றது. கீழே ஆறு சிவப்பாகப் போய்க்கொண்டிருந்தது.