ஐந்தாவது சுற்று

கணவருடைய இடது கையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கை அவள் பிடியிலிருந்து நழுவி மேலே எழுந்தது. போர்வையை விலக்கிக்கொண்டு வலது கையும் வந்தது. இரண்டும் நெஞ்சுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சந்தித்து, கண்ணுக்குத் தெரியாத எதையோ பிடித்துத் திருக ஆரம்பித்தன.

காலை பத்து மணியிலிருந்து இப்படித்தான். மூன்று நாளாகக் கண் திறக்காத மனிதர். கூப்பிட்டால் அசைவில்லை, கிள்ளினால் முகம் சுளிக்கவில்லை. உடம்பு மொத்தமும் தூங்க, கைகள் மட்டும் விழித்துக்கொண்டு தங்கள் வேலையைப் பார்த்தன. மூளையில் கசிந்த ரத்தம் நிற்கவில்லை, இன்றைக்கோ நாளைக்கோ என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நர்ஸ்தான் நின்று ஆறுதலாகப் பேசினாள். கடைசி நேரத்தில் பலருக்கும் கை இப்படி அலையுமாம். போன மாதம் ஒரு சமையல்காரர் இரண்டு நாள் விடாமல் மாவு பிசைந்தாராம்.

முப்பத்து நாலு வருஷம் பஸ் ஓட்டியவர் என்பதால் ஸ்டீயரிங் பிடிக்கிறார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஆனால் ஸ்டீயரிங் பிடிக்கிற கைகள் இவ்வளவு நெருங்கி வராது. இது நுணுக்கமான வேலை. அவள் தையல்காரி. ஒரு துணிக்கடையின் பின்னறையில் இருபது வருஷமாக ஊரார் இடுப்பைப் பிடித்தும் பிரித்தும் கொடுத்துக்கொண்டிருப்பவள். அந்த விரல்கள் ஏதோ ஒரு துளையைத் தேடுகின்றன என்பது வரை அவளுக்குப் புரிந்தது.

பக்கத்துக் கட்டிலில் இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் படுத்திருந்தார். அவர் அடிக்கடி கன்னத்தை வழித்துவிட்டுக்கொண்டார். கடைசியில் அவளைக் கூப்பிட்டார்.

"அம்மா, மேல சிலந்தி வலை ஏதாவது இருக்கா பாருங்க. முகத்துல நூல் மாதிரி படுது. தள்ளிவிட்டா திரும்ப வருது."

அவள் அண்ணாந்து பார்த்தாள். வெள்ளையடித்த கூரை, ஒரு மின்விசிறி. ஒன்றுமில்லை என்றாள். அவர் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதும் கை கன்னத்துக்குப் போனது.

இரண்டு மணிக்கு ஈயம் வந்தான். கடல்பாலத்தில் தூண்டில் போடுகிற இடத்தில் அவருக்குக் கிடைத்த சிநேகிதன். சட்டைப்பை நிறைய எப்போதும் ஈயக்குண்டுகளோடு நடப்பதால் அங்கே எல்லோருக்கும் அவன் ஈயம்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றான். கொஞ்ச நேரம் அந்தக் கைகளையே பார்த்தான். அவன் முகம் மாறியது.

"அண்ணி, அண்ணன் முடிச்சு போடறாரு."

"என்ன முடிச்சு?"

"தூண்டிலோட மெயின் லைன்ல முள்ளு செட்டைக் கட்டறாரு. பாருங்க, அந்தக் கையில இருக்கறது தூண்டில் கழி ராட்டுல சுத்தியிருக்கற நரம்பு. இந்தக் கையில வளையம். வளையத்துக்குக் கீழதான் முள்ளு, ஈயம் எல்லாம் தொங்கும். நரம்பை வளையத்துக்குள்ள விட்டு, அதும் மேலயே அஞ்சு சுத்து சுத்தி, முனையைத் திருப்பிக் கண்ணிக்குள்ள விட்டு, எச்சில் தொட்டு இழுக்கணும். அண்ணன் எப்பவும் மூணு சுத்துதான் சுத்துவாரு. அதான் உருவிக்கும்."

அவன் சொல்லச் சொல்ல கைகள் அதையே செய்தன. நுழைத்தன. ஒன்று, இரண்டு, மூன்று. இழுத்தன. இரண்டு கையும் வெடுக்கென்று விலகிப் போர்வைமேல் விழுந்தன. தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. பிறகு மெல்ல, மறுபடி எழுந்தன.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து மாதத்துக்கு முன்னால், ஓய்வு பெற்ற கையோடு அவர் தூண்டில் வாங்கி வந்தார். வாழ்நாளில் கடலில் கால் நனைத்ததோடு சரி, மீனை முள் எடுத்துத் தட்டில் வைத்தால்தான் சாப்பிடுகிற ஆள். முதல் நாள் வீசியதும் ஈயமும் முள்ளும் பிய்த்துக்கொண்டு போய் எங்கோ விழ, வெறும் நரம்பு காற்றில் ஆடிக்கொண்டு திரும்பி வந்ததாம். அன்றிலிருந்து அதே கதை. மீன் பிடிக்கப் போகிறீர்களா, மீனுக்குச் சீர் கொடுக்கப் போகிறீர்களா என்று அவள் கேட்பாள். அவர் கோபப்பட மாட்டார். வீட்டிலேயே உட்கார்ந்து பழகினார். குழாய், அலமாரிக் கைப்பிடி, சாவிக்கொத்து, அவளுடைய கத்தரிக்கோலின் காது என்று எதைத் தொட்டாலும் ஒரு துண்டு நரம்பு முடிந்து தொங்கும். ஒருநாள் அத்தனையையும் வெட்டிப் போட்டு ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள்.

மயங்கி விழுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். "இந்த முனையைக் கொஞ்சம் பிடியேன். ஒரு கை இருந்தா சரியா வரும்." அவள் அடுப்பைக் காட்டி, எனக்கு வேலை இல்லையா என்றாள். அவர் போய் நாற்காலிக் காலில் கட்டிக்கொண்டார்.

ஈயம் கிளம்புமுன் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னான்.

"முடிச்சு மட்டும் நின்னுடுச்சுன்னா உடனே வீசிடுவாரு அண்ணன். அதுக்கப்புறம் நம்ம பேச்செல்லாம் காதுல விழாது. அவரு பாட்டுக்குப் போயிடுவாரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. தொப்பியைத் திருகிக்கொண்டு, கீழே போய் மருந்து ஏதாவது வாங்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு வருவதாக நகர்ந்தான்.

மகள் ரயிலில் வந்துகொண்டிருந்தாள். ஐந்து மணிக்கு வண்டி சேரும். அதுவரைக்கும் முடிச்சு நிற்கக் கூடாது என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அந்தக் கைகளைப் பார்ப்பது இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. மூன்று சுற்றில் உருவிக்கொண்டால் நிம்மதியாக இருந்தது. மூன்று மணி வாக்கில் கைகள் நாலாவது சுற்றுக்குப் போயின. அவள் சட்டென்று குனிந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அது நோயாளியின் பலமில்லை. பெரிய பஸ்ஸை வளைவில் திருப்புகிற பலம். விடாமல் அழுத்தினாள். மெல்ல அடங்கியது. இரண்டு நிமிஷத்தில் மறுபடி நாலு. மறுபடி பிடித்தாள். ஒவ்வொரு முறை தடுத்தபோதும் அந்த முனகல் நீண்டது. நெற்றியில் வேர்வை துளித்துளியாக நின்றது.

"அவரு ரொம்பச் சிரமப்படறாரும்மா" என்றார் கண்கட்டுப் பெரியவர், யாரும் கேட்காமலே.

மூன்றே முக்காலுக்கு மகள் கூப்பிட்டாள். மழையில் தண்டவாளத்தில் மண் சரிந்து, வண்டி நடுவழியில் நிற்கிறதாம். எட்டு மணியாவது ஆகும் என்றாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். கைகள் அந்த நேரம் அந்தரத்தில் நின்றிருந்தன. விரல்நுனிகள் எதிரே யாரையோ எதிர்பார்த்து நீண்டிருந்தன.

"இருக்கார்மா" என்றாள். "நீ பத்திரமா வா."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். எட்டு மணிக்கு இன்னும் நாலு மணி நேரம். நிமிஷத்துக்கு ஒரு முடிச்சு என்றாலும் எத்தனை முறை உருவ வேண்டும், எத்தனை முறை அவள் பிடித்து அழுத்த வேண்டும். மூச்சு ஒரு பக்கம் விசில் போல் இழுத்தது. கைகள் விழுந்தன, எழுந்தன. அவருக்குக் கோபமே வராது என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

"இந்தாங்க. நான் பிடிச்சிருக்கேன்" என்றாள். "சுத்துங்க."

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே காற்றைத்தான் பிடித்தாள். ஆனால் பிடித்ததும் அவர் முனகல் நின்றது. கைகள் நிதானமாயின. நுழைத்தன. அவள் வாய்விட்டு எண்ணினாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. கைகள் தயங்கின. "இன்னும்" என்றாள். நாலு. அவள் விரல்களுக்கிடையே ஏதோ இறுகிற்று. மெல்லிசாக, வழுக்கலாக, குளிர்ந்து. தினமும் நூல் பிடிக்கிற விரல்கள் அவளுடையவை. நூல் இருக்கிறதா இல்லையா என்பதில் அவை ஏமாறா. விட்டுவிட்டால் தப்பில்லை, யாரும் பார்க்கவில்லை. அவள் விடவில்லை.

"அஞ்சு" என்றாள்.

முனை திரும்பிக் கண்ணிக்குள் போனது. கைகள் அவள் முகத்தை நோக்கி உயர்ந்து, உதட்டருகே வந்து நின்றன. எதற்கு என்று அவளுக்குத் தெரியும். ஊசியில் கோர்க்குமுன் நூலை உதட்டில் வைத்து எடுப்பது போல், ஒரு கணம் வாயில் வைத்து ஈரப்படுத்திக் கொடுத்தாள்.

அவர் இழுத்தார். முடிச்சு நின்றது.

இரண்டு கையும் இழுத்த இழுப்பில் அப்படியே நின்றன. முகத்தில் இத்தனை நேரம் இருந்த சுருக்கம் துணி தேய்த்தது போல் நீங்கியது. பிறகு வலது கை தோளுக்குப் பின்னால் போய், அவசரமில்லாமல், அழகாக ஒரு வீச்சு வீசியது. விர்ரென்று ஒரு சத்தம் கேட்டதாகப் பின்னால் யோசித்தபோது அவளுக்குத் தோன்றியது. மின்விசிறியாகவும் இருக்கலாம். கை போர்வைமேல் வந்து இறங்கியது. ஆள்காட்டி விரல் மட்டும் லேசாகத் தூக்கி, எதையோ தொட்டுக் கவனிக்கிற மாதிரி நின்றது.

பக்கத்துக் கட்டில் பெரியவர் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"போயிடுச்சு" என்றார்.

நர்ஸ் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, நாலு இருபது என்று எழுதினாள். கைகளை மார்பின்மேல் கோத்து வைக்கும்போது அந்த ஒரு விரலை மடக்கச் சிரமப்பட்டாள். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டுப் போர்வையை மேலே இழுத்துவிட்டாள்.

மகள் வந்து சேர்ந்தபோது எட்டேகால். அப்பாவைப் பார்த்துவிட்டு வந்து, கீழ்த்தளத்து நடையில் போட்டிருந்த பெஞ்சில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். ஈயம் எங்கோ கையெழுத்துக்காகக் காகிதங்களோடு அலைந்துகொண்டிருந்தான். மகள் அழுது முடித்திருந்தாள். அல்லது இன்னும் ஆரம்பிக்கவில்லை.

"எனக்காக ஒரு நாலு மணி நேரம் இழுத்துப் பிடிச்சிருக்கக் கூடாதா அவரு?" என்றாள்.

அம்மா மகளின் தோளிலிருந்து பையை இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"இல்ல" என்றாள். பையின் வாரை மடித்து வைத்துவிட்டு, "கடைசியில இல்ல."

நடையின் கோடியில் ஒரு டீக்கடை இருந்தது. காலையிலிருந்து அம்மா எதுவும் குடித்திருக்க மாட்டாள் என்று மகளுக்குத் தெரியும். எழுந்து போய் இரண்டு கோப்பை வாங்கி வந்தாள். அம்மா ஊதி, ஒரு வாய் குடித்தாள். கரித்தது. கடல் தண்ணீரை வாயில் மொண்டது போல் நாக்கு, உதடு, தொண்டை வரை ஒரே உப்புக் கரிப்பு. மகளைப் பார்த்தாள். அவள் ஒரே பாத்திரத்திலிருந்து ஊற்றிய டீயைத்தான் சாதாரணமாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"சர்க்கரை போதுமாம்மா?"

"போதும்" என்றாள். மிச்சம் வைக்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.